குலுக்கையில் போட்ட சிவப்பரிசி

நாற்காலி எல்லாம் வேண்டாம் ஐயரம்மா, நான் இந்தப் பெட்டி மேலயே உக்காந்துக்கிடுதேன். உடையுற சாமான் ஒண்ணும் உள்ள இல்லியே? புஸ்தகமா? சரி, அப்ப உக்காரலாம். நீங்க பாட்டுக்கு உங்க சோலியப் பாருங்க. எனக்கும் கை சும்மா இருக்காது, அந்தப் பாத்திரத்த எல்லாம் இங்கன தள்ளுங்க, சுத்தியிருக்க பேப்பரப் பிரிச்சு வைக்கேன். சபைக்குப் போதகரா வந்த ஐயரு வீட்டுக்கு இவ்வளவுதான் சாமானா? மீதி அடுத்த வண்டியில வருதோ? வரலியா? ம்.

நான் யாருன்னே சொல்லலியே. பாக்கியத்தாய். கோயிலுக்குத் தெக்க, பச்சக் கேட்டு போட்ட மாடி வீடு. எங்க வீட்டுக்காரரு பேரு சுவீகரன். மகன் கொல்லத்துல பேக்கரி வச்சிருக்கான். என்னப் பத்தி இதுக்குள்ள யாராவது வந்து சொல்லியிருப்பாவளே? சொல்லலியா? நேத்து சாயங்காலம் தங்கபுஷ்பம் இங்க வந்துட்டுப் போனதப் பாத்தேன். தண்ணி கொண்டு வந்தாளா? ஒரு கொடம் தண்ணிய எறக்கி வைக்க அவ்வளவு நேரமா ஆவும்? சரி, விடுங்க.

சுத்தி வளைக்கல, நான் வந்தது ஒரு காரியமாத்தான். எங்க பக்கத்து வீட்டு ஜெபக்கனி சனிக்கிழம ஊர விட்டுப் போறா. மக திருச்சியில இருக்கா, வந்து கூட்டிட்டுப் போறா. இனிமே இங்க வரமாட்டாளாம். நாப்பது வருசமா எனக்கும் அவளுக்கும் நடுவுல ஒரே ஒரு செவருதான். அவ போறதுக்குள்ள அவகிட்ட ஒரு விசயம் கேட்டுத் தெரிஞ்சாகணும் எனக்கு. தெரியாம விட்டுட்டேன்னா நான் சாவுற வரைக்கும் மண்டைய ஒடச்சிகிட்டுத்தான் கெடப்பேன். நான் போய்க் கேக்க முடியாது, எங்களுக்குள்ள பேச்சுவார்த்த இல்ல. நீங்க ஊருக்குப் புதுசு. நீங்க கேட்டா சொல்லுவா. ஆனா நடந்தத மொதல்ல என் வாயால கேட்டுக்கிடுங்க. மத்தவ வாயால கேட்டியள்னா நான் ஒரு ராட்சசி மாதிரி இருப்பேன்.

உங்களுக்கு முந்தி இந்த வீட்டுல இருந்த ஐயரம்மா பேரு எமிமாள். நல்ல பொம்பளதான், நான் கொற சொல்லல. ஆனா வந்த அன்னைக்கே பாத்தேன், மூணே மூணு சேலை. ஒண்ணு கொடியில காயும், ஒண்ணு உடம்புல இருக்கும், ஒண்ணு பெட்டியில கெடக்கும். நாலாவது சேலைய நான் கண்ணால கண்டதில்ல. ஐயரு சம்பளம் வாங்குதாரு, கொறஞ்ச சம்பளம்னாலும் சம்பளம்தான? மூணு சேலையோட ஒருத்தியப் பாத்தா மத்தவங்களுக்குப் பாவம்னு தோணும். எனக்கு, மீதி எங்கன்னு தோணும். மகனுக்கு எங்கயோ எடம் வாங்கிப் போடுதாவன்னு நெனச்சேன். விசாரிச்சா, மகனே இல்ல, ரெண்டும் பொட்டப்பிள்ள. அப்ப நகை சேக்காவன்னு நெனச்சேன். நெனச்சது தப்பா, நீங்களே சொல்லுங்க.

போன வருசம் ஈஸ்டருக்கு முந்தி லெந்து விரத நாளு வந்துச்சு. சாம்பல் புதன் ஆராதனை முடிஞ்சதும் எமிமாள் அம்மா பொம்பளையள மட்டும் இருக்கச் சொன்னாவ. இந்த நாப்பது நாளும் ஊர்ல எல்லா வீட்டுலயும் ஒரு சோறு, ஒரு வெஞ்சனம், அவ்வளவுதான்னாவ. குழம்பு வச்சா பொரியல் வைக்காண்டாம், கூட்டு வச்சா ரசம் வைக்காண்டாம். பண்டிகைக்குப் புதுத்துணி எடுக்காண்டாம். கோயிலுக்கு நகை போட்டுட்டு வராண்டாம். லெந்துல கறி மீன விடுறது நமக்குப் பழக்கந்தான், அது கெடக்கட்டும். ஆனா ஒத்த வெஞ்சனமா? நான் கட்டிகிட்டு வந்த நாள்ல இருந்து மூணு வெஞ்சனம் இல்லாம எங்க வீட்டுக்காரருக்குத் தட்டு வச்சதில்ல.

எதுக்கு ஐயரம்மா இதுன்னு ஒருத்தி கேட்டா. "கை நெறைய வச்சிகிட்டு இருந்தா, பக்கத்துல இருக்கவ கையப் பிடிக்க முடியாதும்மா"ன்னாவ. எல்லாரும் உச்சுக் கொட்டுனாளுவ. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா பக்கத்துல இருக்கவ என்னத்துக்கு என் கையப் பிடிக்கணும்? எனக்கு அதுதான் ஓடிகிட்டு இருந்துச்சு.

அதோட பிடி அரிசி. உங்க ஊர்லயும் உண்டா? ஒலையில அரிசி போடும்போது ஒரு பிடிய எடுத்துக் கலயத்துல போட்டு வைக்கது. எங்க அம்மா காலத்துல இருந்து உண்டு. ஞாயித்துக்கிழம கோயிலுக்குக் கொண்டு போயி, வரிசையா வந்து வைப்போம், ஆராதனை முடிஞ்சு ஏலம் விடுவாவ. யாரு எவ்வளவு கொண்டு வாறான்னு எல்லார் கண்ணுக்கும் தெரியும். நான் எப்பவும் ஓலைக் கொட்டான் ததும்பத்தான் கொண்டு போவேன். அதுல ஒரு ஒழுங்கு இருந்துச்சு.

எமிமாள் அம்மா அதத் தலைகீழா மாத்திட்டாவ. அந்தா, பின்கட்டுல கதவு தெரியுதுல்லா, அந்த அறைக்குள்ள ஒரு பழைய குலுக்கை கெடந்துச்சு. நெல்லு போட்டு வைக்க மண் குலுக்கை, இடுப்பு ஒசரம் இருக்கும். பிடி அரிசிய இனிமே அதுலதான் போடணும்னாவ. சாயங்காலம் யாருக்கு எப்பத் தோதோ அப்ப வரலாம். ஒரு நேரத்துல ஒருத்திதான் உள்ள போவணும், கதவச் சாத்திக்கிடணும். போட வாறவ, எடுக்க வாறவ, எல்லாரும் ஒரு துணிப்பைய முந்தானைக்குள்ள வச்சிட்டுத்தான் வரணும், அப்படியேதான் திரும்பிப் போவணும். உள்ள போயி நீ போட்டியா, எடுத்தியான்னு யாரும் கேக்கக் கூடாது. அது உனக்கும் ஆண்டவருக்கும் உள்ளதுன்னுட்டாவ.

எப்படி இருக்கு? கதவச் சாத்திகிட்டு நடக்குற காரியத்துல எது நல்ல காரியம்? போடுறவ பேரு தெரிய வேண்டாம்னா ஒத்துக்கிடலாம், பெருமை வந்துரும். எடுக்குறவ பேரு ஏன் தெரியக் கூடாது? அரிசி பூராவும் ஐயர் வீட்டு ஒலையிலதான் வேவுதோன்னு எனக்கு ஒரு சந்தேகம். எங்க மாடி ஜன்னல்ல இருந்து பாத்தா இந்தப் பின்கட்டு நல்லாத் தெரியும். தெனமும் சாயங்காலம் பூ கட்டுற மாதிரி அங்க உக்காந்துருவேன். யாரு முகத்துல என்ன தெரியுதுன்னு பாப்பேன். ஒண்ணும் தெரியல. மில்லுக்காரரு பொஞ்சாதி வயலெட்டும் அப்படித்தான் வாறா, கூலிக்குப் போற தங்கபுஷ்பமும் அப்படித்தான் வாறா. உள்ள போறா, வாறா, கெணத்தடியில உக்காந்து கத பேசுதா. சாக்கடைத் தண்ணிக்காகக் கோர்ட்டு வரைக்கும் போன ஓரகத்திய ரெண்டு பேரும் ஒருத்தி தலையில ஒருத்தி பேன் பாக்காளுவ. இவ்வளவு சினேகம் எங்க இருந்து திடீர்னு வந்துச்சு?

இன்னொரு கூத்து கேளுங்க. ஒத்த வெஞ்சனம்னு சொன்னாவளா? ஒரு வாரம் ஒழுங்காப் போச்சு. அப்பறம் செவத்துக்கு மேல கிண்ணம் போவ ஆரம்பிச்சுது. "எங்க வீட்டுல பூசணிக்கா, உங்க வீட்டுல என்ன?" "எங்க வீட்டுல கீரை, இந்தா கொஞ்சம்." ஆக மொத்தம் எல்லா வீட்டுலயும் ஒண்ணுதான் வச்சாளுவ, எல்லா வீட்டுலயும் மூணு தின்னாளுவ. விரதம்னா விரதமா இருக்காண்டாமா? நான் ஒரு கிண்ணம் குடுக்கல, ஒரு கிண்ணம் வாங்கல. சட்டப்படி ஒத்த வெஞ்சனத்தோட இருந்தது இந்த ஊர்லயே நான் ஒருத்திதான். எங்க வீட்டுக்காரரு மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டுத் தின்னுட்டுப் போவாரு.

நானும் ஜெபக்கனியும்னு சொல்லணும். அவளும் கிண்ணம் நீட்டல. ஆனா மத்தியானமானா அவ அடுப்படியில இருந்து கடுகும் கருவேப்பிலையும் தாளிக்க வாசன ஜம்முன்னு வரும். எதோ ஒசத்தியாச் செஞ்சு தனியாத் திங்கான்னு நெனச்சுக்கிடுவேன். அவளுக்கு என்ன கொற? புருசன் ஜவுளிக்கடை வச்சிருந்தாரு, போய்ச் சேந்துட்டாரு. மகன் மஸ்கட்டுல இருக்கான். அவ மேல எனக்குத் துளி சந்தேகம் கெடையாது, சத்தியமா.

அப்பத்தான் மகன் கொல்லத்துல இருந்து ஒரு மூட்ட செவப்பரிசி அனுப்புனான். மலையாளத்து மட்டை அரிசி, தடி தடியா இருக்கும். நம்ம அரிசியோட சேத்துப் பொங்குனா இது வேவாது, வெள்ளச் சோத்துக்கு நடுவுல செவப்பாத் தெரியும், பல்லுல கடிபடும். எனக்குப் பளிச்சுனு தோணிச்சு. ஒரு பை நெறைய எடுத்துட்டுப் போயிக் குலுக்கையில போட்டு, கைய முழங்கை வரைக்கும் விட்டு நல்லாக் கலக்கி விட்டுட்டு வந்துட்டேன். செவப்பரிசி இந்த ஊர்ல வேற யாரு வீட்டுலயும் கெடையாது. யாரு தட்டுல கெடக்கோ, அவதான் எடுக்கா. போலீஸ்காரனுக்குக் கூட இந்த யோசன வராது.

மறுநாள்ல இருந்து மத்தியானச் சாப்பாட்டு நேரம் பாத்து வீடு வீடாப் போனேன். ஒரு வீட்டுல ஊசி நூலு கேட்டேன், ஒரு வீட்டுல நல்லாருக்கியாளான்னேன். மொதல்ல போனது தங்கபுஷ்பம் வீட்டுக்கு. புருசன் குடிகாரன், மூணு பிள்ளைய, அவ எடுக்காம வேற யாரு எடுப்பா? போயிப் பாத்தா கேப்பக் கூழு குடிச்சிகிட்டு இருக்கா. சோறு பொங்கலியாட்டின்னு கேட்டேன். "நாங்க எப்பவும் கூழு குடிக்கவங்கதான மயினி"ன்னா. அடுப்புப் பக்கத்துல அவ பிடி அரிசிக் கலயம் இருக்கு, கழுத்து வரைக்கும் அரிசி. சோறே பொங்காதவளுக்குப் பிடி அரிசி எங்க இருந்து வந்துச்சு? ரேசன்ல வாங்குன அரிசிய அப்படியே கலயத்துல தட்டியிருக்கா. கூழு குடிச்சிகிட்டு அரிசியக் குடுக்காளாம். இதுல என்னமோ உள்குத்து இருக்குன்னு அன்னைக்குப் பூராவும் யோசிச்சேன்.

ஜெபக்கனி வீட்டுக்கு நான் வேவு பாக்கப் போவல. நெசமாவே ஒறமோரு வாங்கப் போனேன். எங்க ரெண்டு வீட்டுக்கும் கதவத் தட்டுற பழக்கம் கெடையாது, நேரா அடுப்படிக்குப் போயிட்டேன். தரையில உக்காந்து சாப்பிட்டுகிட்டு இருக்கா. தட்டுல சோறு, ஒரு கல்லு உப்பு. வேற ஒண்ணும் இல்ல. சட்டி எல்லாம் கவுத்தி வச்சிருக்கு. அடுப்புல தாளிக்க கரண்டி மட்டும் இருக்கு, அதுல நாலு கடுகு, ஒரு இணுக்கு கருவேப்பிலை. குழம்பே கெடையாது. வெறும் கடுகத் தாளிச்சு எனக்கு வாசன காட்டியிருக்கா. கள்ளத்தனத்தப் பாத்தியளா? அவ தட்ட மூடப் போனா, அதுக்குள்ள நான் பாத்துட்டேன். சோத்துக்கு நடுவுல செவப்பு செவப்பா அரிசி.

ஒறமோரு கேக்காமலே திரும்பிட்டேன். இரக்கத்துலன்னு நெனைக்காதிய, கோவத்துல. நாப்பது வருசம் ஐயரம்மா. எனக்கு வலி கண்டப்ப மாட்டு வண்டியில ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனது அவதான். அவ புருசன் செத்தப்ப மூணு நாளு அவ தலைய என் மடியில வச்சிருந்தது நான்தான். மகனுக்கு மஸ்கட்டுல வேலை போயி மாசக்கணக்காச்சாம், பணம் வரலியாம். இது பிறகு தெரிஞ்சுது. அத என்கிட்ட ஒரு வார்த்த சொன்னாளா? ஒரு செவரு தள்ளித்தான இருக்கேன்? குலுக்கைகிட்டப் போயிச் சொன்னவ என்கிட்டச் சொல்லல. நான் என்ன குடுக்காமலா இருப்பேன்? கேட்டா குடுத்துருப்பேன். ஏன் இல்லைன்னு நாலு கேள்வி கேட்டுட்டுக் குடுத்துருப்பேன், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழம பொம்பளைய சங்கக் கூட்டம். பாட்டு முடிஞ்சதும் யாராவது சாட்சி சொல்லுதியளான்னு எமிமாள் அம்மா கேட்டாவ. நான் எந்திச்சேன். முந்தானையில முடிஞ்சு வச்சிருந்த செவப்பரிசிய எடுத்து உள்ளங்கையில காட்டுனேன். இத நான்தான் குலுக்கையில போட்டேன், இது யாரு தட்டுல கெடக்குன்னு கண்ணால பாத்துட்டேன்னு சொன்னேன். இல்லாதவ எடுத்தா நான் பேச மாட்டேன், மகன வெளிநாட்டுல வச்சிருக்கவ எடுத்தா நியாயமான்னு கேட்டேன். பேரையும் சொன்னேன். ஜெபக்கனின்னு சொன்னேன். சொல்லலாமா கூடாதான்னு யோசிக்கல, வாயில வந்துட்டு.

ஜெபக்கனி முன்வரிசையில பாயில உக்காந்திருந்தா. குனிஞ்சவ நிமிரல. பாயோட ஓரத்தப் பிச்சுகிட்டே இருந்தா. அப்பறம் தரையில கைய ஊனி எந்திக்கப் போனா. என்ன சொல்லப் போறான்னு நானும் பாத்துகிட்டு நிக்கேன். அதுக்குள்ள பின்னால இருந்து வயலெட் எந்திச்சா. மில்லுக்காரரு பொஞ்சாதி, வீட்டுல அரிசி மூட்ட மூட்டையா அடுக்கியிருக்கும். "நானும் எடுத்தேன்"னா.

எனக்கு ஒண்ணும் ஓடல. அடுத்து தங்கபுஷ்பம் எந்திச்சா. "நானும் எடுத்தேன் ஐயரம்மா." எடுக்கவே இல்ல அவ, நான் போயிப் பாத்தேன்லா? அந்த ஓரகத்திய ரெண்டு பேரும் சேந்து எந்திச்சாளுவ, நாங்களும் எடுத்தோம்னு. உபதேசியாரு பொஞ்சாதி எந்திச்சா. நடக்க மாட்டாத கெழவி ஒருத்தி, அவளத் தூக்கி விடுங்கன்னு சொல்லி எந்திச்சு, நானுந்தான்னா. கடைசியில எமிமாள் அம்மாவும், "எங்க வீட்டு ஒலையிலயும் குலுக்கை அரிசிதான் வேவுது"ன்னாவ. எல்லாரும் நிக்காளுவ. ஜெபக்கனி மட்டும் உக்காந்திருக்கா. சுத்தி அத்தன சேலை நின்னதுல அவ முகம் யாருக்கும் தெரியல. அவ அழுதாளா, சிரிச்சாளா, எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

பொய்யி. எல்லாம் பச்சப் பொய்யி. ஆண்டவர் ஆலயத்துல நின்னுகிட்டு. ஆனா நான் விடுவேனா? கூட்டம் முடிஞ்சதும் நேரா மாடிக்குப் போயி ஜன்னல்ல உக்காந்துட்டேன். என்ன நடந்துச்சுன்னு கேளுங்க. ஒருத்தி பாக்கியில்லாம எல்லாரும் இந்தப் பின்கட்டுக்கு வாறாளுவ. அன்னைக்குக் கதவும் சாத்தல, பையும் மறைக்கல. ஒவ்வொருத்தியா உள்ள போயி, ஒவ்வொரு பிடி அரிசிய எடுத்து முந்தானையில வாங்கிட்டுப் போறாளுவ. மத்தியானம் சொன்ன பொய்யச் சாயங்காலம் நெசமாக்குதாளுவ! இப்படி ஒரு கூட்டுச் சதிய நீங்க எங்கயாவது கேள்விப்பட்டிருக்கியளா?

அதுல பாருங்க, வரிசையில கடைசி ஆளா ஒரு ஆம்பள. யாருன்னு பாக்கேன், எங்க வீட்டுக்காரரு. துண்ட விரிச்சிகிட்டு நிக்காரு மனுசன்! வீட்டுக்குக் கொண்டு வந்து பொங்குட்டின்னாரு. முடியாதுன்னேன். அவரே ஒலை வச்சு, அவரே வடிச்சு, அவரே தின்னாரு. கடுக்கு முடுக்குன்னு செவப்பரிசியக் கடிச்சிகிட்டு என்னையவே பாத்தாரு. கல்யாணம் ஆன நாள்ல இருந்து அந்த மனுசன் என்னைய அப்படிப் பாத்ததில்ல. நான் திரும்பிப் படுத்துக்கிட்டேன்.

மறுநாள் மத்தியானம் மறுபடியும் வீடு வீடாப் போனேன், விடல. எல்லாத் தட்டுலயும் செவப்பரிசி கெடக்கு. வயலெட் வீட்டு வெள்ளித் தட்டுலயும் கெடக்கு. தங்கபுஷ்பம் கூழுச் சட்டியக் கழுவி வச்சிட்டு, பிள்ளையளுக்கு அந்த ஒரு பிடியக் கஞ்சி காய்ச்சி ஊத்திகிட்டு இருக்கா. "நீங்களும் ஒரு வா குடிங்க மயினி"ன்னு என்னையக் கூப்பிடுதா. வேண்டாம்னு வந்துட்டேன்.

அதுக்குப் பிறகு யாரும் என்கிட்டச் சண்டைக்கு வரல. ஒரு சொல்லு கேக்கல. சண்ட போட்டிருந்தாலாவது எனக்குத் தெம்பா இருந்துருக்கும். கண்டா சிரிச்சாளுவ, நல்லாருக்கியளான்னாளுவ, அதோட சரி. ஜெபக்கனி வீட்டுல தாளிக்க வாசன நின்னு போச்சு. அதுக்குப் பதிலா நாலு வீட்டுக் கிண்ணம் போவுது, வருது. அவ முருங்கக்கீரைய ஆய்ஞ்சு எல்லா வீட்டுக்கும் குடுக்கா. எங்க வீட்டுச் செவரு பக்கம் மட்டும் ஒண்ணும் வரல. வந்தாலும் நான் வாங்கியிருக்க மாட்டேன், அது வேற.

ஈஸ்டர் கழிஞ்ச மறுவாரம் எங்க ஊர்ல அசனம். உங்களுக்குத் தெரியாதது இல்ல, ஊரே சேந்து பொங்கி, ஊரே ஒரே பந்தலுக்குள்ள உக்காந்து திங்கது. அந்த வருசம் அதுவும் ஒத்தக் குழம்புதான். நான் போவ வேண்டாம்னு நெனச்சேன், போவாம இருந்தா அதுக்கு ஒரு கத கட்டுவாளுவ, போனேன். வரிசையில உக்காந்தேன். இந்தப் பக்கம் எடம் காலி. அந்தப் பக்கமும் காலி. யாரும் வேணும்னு செய்யல, அது எனக்குத் தெரியும். வாறவ ஒவ்வொருத்தியும் என்னையப் பாத்தா, ஒரு நிமிசம் தயங்குனா, அடுத்த வரிசைக்குப் போயிட்டா. எலை பூராவும் ஆளு நெறஞ்சு போச்சு. என் ரெண்டு பக்கமும் ரெண்டு எலை வெறுமனே கெடக்கு. சோறு போட வந்த பயலுவ அத எடுக்கவா விடவான்னு முழிக்கானுவ. எனக்கு அங்கனயே பூமி பொளந்து உள்ள போயிர மாட்டமான்னு இருந்துச்சு.

அப்ப ஜெபக்கனி வந்தா. அவளுக்கு முன்வரிசையில வயலெட் பக்கத்துல எடம் போட்டு வச்சிருந்தாளுவ, கூப்பிடக் கூப்பிட அங்க போவல. நேரா என்கிட்ட வந்தா. "தள்ளி உக்காருட்டி"ன்னா. எத்தன எடம் கெடக்கு, நான் எதுக்குத் தள்ளணும்? ஆனா தள்ளுனேன். உக்காந்தா. என் முழங்கால்ல அவ முழங்கால் இடிக்க மாதிரி நெருக்கி உக்காந்தா. சோறு வாங்குனா, குழம்பு வாங்குனா, தின்னா. என் எலையப் பாத்து, "உப்பு கொறச்சலா இருக்குல்லா"ன்னா. தின்னு முடிச்சு எலைய மடிச்சா, போயிட்டா.

இவ்வளவுதான் ஐயரம்மா. இதுதான் விசயம். அவ என்னத்துக்கு வந்து உக்காந்தா?

ஊருக்கு முன்னால தான் நல்லவன்னு காட்டவா? அவளுக்குத்தான் எல்லார்கிட்டயும் நல்ல பேரு இருக்கே, காட்ட என்ன இருக்கு. என்னைய அழ வைக்கவா? நான் அழல. எங்க வீட்டுல இருந்து ஏதும் காரியம் ஆவணுமா? இந்த ஒரு வருசத்துல ஒரு தீப்பெட்டி கேக்கல. மகனுக்கும் மறுபடி வேலை கெடச்சுட்டு. எல்லா வழியிலயும் யோசிச்சுப் பாத்துட்டேன், ஒரு வழியிலயும் பிடிபடல. பேச்சுவார்த்த இல்லன்னு சொன்னேனே, அது எம்பக்கத்துல இருந்துதான். அவ தெனமும் காலையில செவத்துக்கு அந்தப் பக்கம் நின்னு "சாப்டியாட்டி?"ன்னு கேக்கா. உள்நோக்கம் என்னன்னு தெரியாம நான் எப்படிப் பதில் சொல்ல? தெரிஞ்ச பிறகு சொல்லிக்கிடலாம்னு இருந்தேன். இப்ப சனிக்கிழம போறாளாம்.

நீங்க போயி நைசாக் கேளுங்க. என் பேரச் சொல்லாண்டாம். பொதுவா விசாரிக்க மாதிரி கேளுங்க. அவகிட்ட...

என்ன சொன்னிய?

என் பக்கத்துல யாரும் இல்லைன்னு வந்து உக்காந்திருப்பாளா? அதுக்காகவா? அதுக்காக மட்டுமா?

போங்க ஐயரம்மா, நீங்க சின்னப் பிள்ள, உங்களுக்கு ஊர் உலகம் தெரியல. நான் கூட்டத்துல பேரச் சொன்னது அவள. அவ தட்டத் தொறந்து ஊருக்குக் காட்டுனது நான். அப்படிப்பட்டவ ஒத்தையில இருக்காளேன்னு ஒருத்தி வந்து உக்காருவாளா? வேற ஒண்ணும் வேண்டாம, சும்மா? இல்ல, இருக்காது. அப்படி ஒருத்தி இருக்கவே மாட்டா. இருந்தான்னு வையுங்க, ஒரு பேச்சுக்குத்தான் சொல்லுதேன், இருந்தான்னா, நாப்பது வருசமா அந்தச் செவத்துக்கு இந்தப் பக்கம் இருந்துகிட்டு நான் என்னத்தப் பாத்தேன்?